மைதானத்துப் புல் எந்த நீரைக் குடிக்கிறது?

பத்திரிகை அலுவலகங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விளையாட்டுச் செய்தி கடைசிப் பக்கத்துக்குரியது. வரட்சிச் செய்தி உட்பக்கத்துக்குரியது. எழுதுபவர்கள் வேறு, செப்பனிடுபவர்களும் வேறு. 2016 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த செய்திகள் அந்த இரு பக்கங்களையும் ஒன்றாக்கிவிட்டன.

மகாராஷ்டிர மாநிலத்து லாத்தூர் மக்களுக்குக் குடிநீர் சுமந்துகொண்டு மிராஜிலிருந்து ஒரு புகையிரதம் ஏப்ரல் 12ஆம் திகதி வந்து சேர்ந்தது. பத்துத் தாங்கிப் பெட்டிகளில் ஏறக்குறைய 5 இலட்சம் லீற்றர் நீர். மறுநாள், ஏப்ரல் 30ஆம் திகதிக்குப் பின்னர் அம்மாநிலத்தில் நடைபெறவிருந்த ஐ.பி.எல். போட்டிகளை வெளியே கொண்டுசெல்லுமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுத்திகரித்த கழிவுநீரையே மைதானங்களுக்கு விடுவோம் என்று போட்டியை நடத்துவோர் சொல்லிப் பார்த்தனர். வழக்கு வந்த பின்னர் பிறந்த அந்த வாக்குறுதி எடுபடவில்லை. மும்பைக்குரிய இறுதிப் போட்டி பெங்களூருக்குப் போயிற்று.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அதே பெங்களூர் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் சிக்கியது. இம்முறை போட்டிகள் இடம் மாறவில்லை. சின்னசாமி மைதானத்துப் புல்லுக்குச் சுத்திகரித்த நீர் விடப்பட்டது. விளையாட்டும் நடந்தது. குடிநீரைப் பறித்தார்கள் என்ற பழியிலிருந்து மைதானம் பெருமளவு தப்பிக்கொண்டது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 70 மீற்றர் ஆரையுள்ள துடுப்பாட்ட மைதானத்தின் பரப்பு ஏறத்தாழ 15,400 சதுர மீற்றர். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரை அதற்கு ஊட்டுவதென்றால், ஏறக்குறைய 77,000 லீற்றர் வேண்டும். ஒரு மைதானத்துக்கு, ஒரு நாளைக்கு!

இதனை இப்போது எழுதத் தூண்டியது மண்டைதீவு. யாழ்ப்பாணத்துக்கான சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்தின் பணிகளை 2025 செப்டெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கு ஆரம்பித்துவைத்தார். போரினால் மைதானங்களை இழந்திருந்த ஒரு தலைமுறையின் கனவு அது. அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. கண்டல் மரங்களும் சதுப்பு நிலங்களும் பறவைகளும் உள்ள இடமாயிற்றே என்று சூழலியலாளர்கள் கவலை தெரிவித்தபோது, அவர்களை அபிவிருத்தியின் எதிரிகள் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தேங்குவதே நமது சொத்து. தீவுகளில் அந்த நன்னீர், உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். உவரான கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்குப் பல மாரிகள் காத்திருக்க வேண்டும்.

இறைப்பது ஒருபுறமிருக்க, இடுவதும் ஆபத்து. புல் பசுமையாக இருக்க வேண்டுமென்று கொட்டப்படும் நைதரசன் பசளையில் புல் உறிஞ்சாத பகுதி நீரோடு கீழே இறங்குகிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். கைக்குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் நோய்க்கு அது வழிவகுக்கக்கூடியது. தோட்டக்காரனுக்காவது வயிற்றுப்பாடு என்ற நியாயம் உண்டு.

அப்படியானால் மைதானமே வேண்டாமா? வேண்டும். கூரைகளிலும் தரையிலும் விழும் மாரி மழையைச் சேமிக்கும் தாங்கிகள், பார்வையாளர் அரங்கின் இருக்கைகளோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும். கழிவறை நீரைச் சுத்திகரித்துப் புல்லுக்கு விடும் நிலையம் முதல் நாளிலிருந்தே இயங்க வேண்டும். கண்டல் ஓரங்களைத் தொடக்கூடாது. தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நிலையத்தில் பெருஞ்செலவில் உப்பகற்றப்படும் கடல்நீர் மனிதர் குடிப்பதற்குரியது. அதில் ஒரு துளியும் புற்றரைக்குப் போகலாகாது. மாதந்தோறும் எத்தனை லீற்றர் இறைக்கப்பட்டது, எவ்வளவு பசளை இடப்பட்டது, சுற்றியுள்ள கிணறுகளின் உவர்த்தன்மை என்ன என்பவற்றைப் பகிரங்கப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை பத்திரிகைக்காரனின் ஆசை என்று சிரிக்க வேண்டாம். கணக்குக் காட்டப்படாத தண்ணீரே முதலில் களவு போகும்.

வெப்ப நாடுகளின் மைதானங்களில் பெருவழக்காக உள்ள பெர்முடாப் புல் வேறெதுவுமல்ல. நாம் பிள்ளையாருக்குச் சூட்டும் அறுகுதான். கோடையில் காய்ந்து கபிலமாகிக் கிடந்தாலும், மழை கண்டதும் வேரிலிருந்து துளிர்க்கும் இனம் அது. நமது பாடசாலை மைதானங்கள் ஆடியில் புழுதியாகவும் கார்த்திகையில் பசுமையாகவும் இருந்த காலத்திலும் நல்ல ஆட்டக்காரர்கள் உருவானார்கள். போட்டியில்லாத மாதங்களில் எல்லைக்கோட்டுப் பக்கம் சற்று மங்கிக் கிடந்தால் ஆட்டத்துக்கு எந்தக் குறையும் வராது. தொலைக்காட்சிக்காக ஆண்டு முழுவதும் மரகதப் பச்சையை வேண்டி நின்றால், அதற்கான விலையை அயலிலுள்ள கிணறுகளே கொடுக்க நேரும்.