கூண்டுக்குள் ஒரு குரல்

அரசர் சாலமோனின் செல்வத்தை விவரிக்கும் இடத்தில் திருவிவிலியம் ஒரு கப்பற்சரக்குப் பட்டியலைத் தருகிறது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தர்சீசுக் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம் ஆகியவற்றோடு குரங்குகளையும் மயில்களையும் கொண்டுவந்து சேர்த்தன என்கிறது அரசர்கள் முதல் நூலின் பத்தாம் அதிகாரம். மயிலைக் குறிக்க அங்கு வரும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல் நம் 'தோகை'யின் திரிபு என்று கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். அறிஞர் எல்லாரும் இதனை ஏற்றாரில்லை. ஆயினும் முப்பதாண்டுக் காலம் தமிழாசிரியனாகக் கழித்த எனக்கு, இச்செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமிதம் மேலிடும். எருசலேம் அரண்மனை முற்றத்தில் நம் சொல் ஒன்று தோகை விரித்து நின்றதே என்னும் பெருமிதம். எத்தனை மயில்கள் கப்பலேறின, எத்தனை உயிரோடு இறங்கின என்பதை மட்டும் அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

அரிய உயிர்களை அரண்மனையில் கொண்டுவந்து நிறுத்தும் ஆசை சாலமோனோடு முடிந்துவிடவில்லை. நம் திருச்சபை வரலாற்றிலேயே அதற்கொரு கதை உண்டு. 1514ஆம் ஆண்டு போர்த்துக்கல் அரசர் முதலாம் மனுவேல், திருத்தந்தை பத்தாம் லியோவுக்கு ஓர் இளம் யானையைக் காணிக்கையாக அனுப்பினார். கொச்சியிலிருந்து கப்பலேறி, லிஸ்பன் வழியாக உரோமை சென்ற யானை அது. (லியோ என்னும் பெயரை நம் முன்னோர் 'சிங்கராயர்' என்று தமிழாக்கினர். சிங்கராயருக்கு யானை வந்த கதை என்று சொன்னால் நம் பாட்டிமார் இன்னும் ஆவலோடு கேட்டிருப்பர்.) ஊர்வலமாக வந்த யானை திருத்தந்தையின் முன் மும்முறை மண்டியிட்டு வணங்கியதாம். 'ஹன்னோ' என்று பெயர் பெற்று, வத்திக்கானின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது. ஈராண்டுகள்தாம். 1516 ஜூன் மாதம் அது நோயுற்றபோது மருத்துவர்கள் பொன் கலந்த பேதி மருந்தை அதற்குக் கொடுத்தனர். விலையுயர்ந்த விலங்குக்கு விலையுயர்ந்த மருந்து! ஹன்னோ பிழைக்கவில்லை. திருத்தந்தை பெரிதும் மனம் வருந்தினார். ஓவியர் இரஃபயேல் அதன் உருவத்தைத் தீட்டினார்.

அதே அரசர் அதே திருத்தந்தைக்கு அடுத்து அனுப்பிய காண்டாமிருகமும் நம் நாட்டினின்று சென்றதுதான். குசராத்து மன்னர் கொடுத்தது. இத்தாலியக் கரையோரம் புயலில் கப்பல் மூழ்கியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவ்விலங்கு நீந்தித் தப்ப வழியின்றி மாண்டது. ஹன்னோவின் கதையில் என் மனத்தைத் தைப்பது வேறொன்று. அன்பு இல்லாமையால் அந்த யானை சாகவில்லை. அது மனமார நேசிக்கப்பட்டது; உயர்ந்த உணவும் உயர்ந்த மருந்தும் பெற்றது.

அக்காலத்தில் நம் கரையிலிருந்து கப்பலேறின. இக்காலத்தில் நம் கரையில் வந்திறங்குகின்றன. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரின்றிக் கிடந்த பயணப் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தனர். நடு ஆப்பிரிக்கக் காட்டுக் குரங்கு ஒன்று, அமெரிக்க நாட்டுப் பாம்புகள் பதினைந்து, ஆப்பிரிக்க மலைப்பாம்புகள் ஐந்து, இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா தீவைச் சேர்ந்த ஆமைகள் இரண்டு! இத்தகைய செய்தி இப்போது அடிக்கடி வருவதால் நாளிதழில் அதற்கு ஒரு பத்தி இடமே கிடைக்கிறது. பெட்டிகளை அனுப்புவோரைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அவற்றுக்காக இங்கே பணத்தோடு காத்திருப்பவர் யார்? சாலமோனும் அல்லர், மனுவேலும் அல்லர். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார்.

எங்கள் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாயிற்று. மேற்கே கல்வராயன் மலை. அடிவாரத்தில் கோமுகி அணை. கீழே கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும். சோளக் கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். தகரம் தட்டி அவற்றை விரட்டுவது சிறுபிள்ளைகளின் வேலை. ஆகவே கிளி எங்கள் பக்கத்தில் அரிய பறவையன்று. பேருந்து நிலையத்தருகே சீட்டெடுத்துக் கொடுத்த சோதிடக் கிளியும் இதே பச்சைக்கிளிதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இந்த நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பதைக் குற்றமாக்கின. நல்லதே. ஆனால் அயல்நாட்டு உயிரினங்களைப் பற்றி அச்சட்டம் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. சுங்கத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதன்பின் கேட்பாரில்லை. வயலில் பிடித்த கிளியை வளர்த்தால் குற்றம்; ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய கிளியை வளர்த்தால் அந்தஸ்து என்று ஆகிவிட்டது.

என் பழைய மாணவர் ஒருவர் இவ்வூரில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கிறார். உழைத்து முன்னுக்கு வந்தவர். பங்கு ஆலயக் காரியங்களில் கை நீட்டிக் கொடுப்பவர். 2018இல் தம் மகளின் புதுநன்மைக்குப் பரிசாக ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி ஒன்றைச் சென்னையில் ஒருவரிடம் அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தார். உடல் முழுதும் சாம்பல் நிறம், வால் மட்டும் செக்கச் சிவப்பு. குழந்தை அதற்கு முத்து என்று பெயரிட்டாள். ஆறு மாதத்தில் அது பேசத் தொடங்கியது. எடைபோடும் ஆளின் அதட்டல், கைப்பேசியின் மணியொலி, பால்காரரின் சைக்கிள் மணி எல்லாம் அதன் வாயிலிருந்து வந்தன. எல்லாவற்றிலும் மேலாக, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வருவோர் போவோரை வரவேற்கும் மாணவருடைய தாயாரின் குரல். "யாரு வந்திருக்கா? உக்காரச் சொல்லு" என்று அந்த அம்மையார் சொல்வதைச் சற்றும் பிசகாமல் சொல்லும். 2021இல் அம்மையார் காலமானார். குரல் வீட்டிலேயே தங்கிவிட்டது.

2024 ஆகஸ்டு மாத நடுவில் அந்த மாணவர் என்னைத் தேடி வந்தார். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பன்னாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்ற அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போரும் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில் வெளியாயின. ஆறு மாதத் தவணை அம்மாத இறுதியில் முடிய இருந்தது. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் யாவும் இனிக் கணக்கில் ஏறும். 'பரிவேஷ்' என்னும் அரசு இணையத்தளத்தில் விவரங்களை ஏற்றவேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் துணை வேண்டும் என்று வந்தார். 2020இல் நடுவண் அரசு ஒரு வாய்ப்புத் தந்தபோது, சான்று ஏதும் காட்டாமலே 30,000க்கும் மேற்பட்டோர் தங்களிடமிருந்த உயிரினங்களைத் தாமே முன்வந்து தெரிவித்தனர். கொரோனா அச்சத்தில் இவர் காதுக்கு அது எட்டவில்லை.

"ரசீது இருக்கிறதா தம்பி?" என்றேன். இல்லை. விற்றவர் காட்டிய ஒரே சான்று கிளியின் காலில் இருந்த வளையம். பண்ணையில் பிறந்த குஞ்சு என்பதற்கு அதுவே அத்தாட்சி என்றாராம். வளையத்திலும் இருவகை உண்டு. குஞ்சு பொரித்த சில வாரங்களுக்குள், கால் மெலிதாக இருக்கும்போது மட்டுமே நுழைக்கக்கூடிய வெட்டில்லாத வளையம் ஒன்று. எந்த வயதுப் பறவைக்கும் குறட்டால் அழுத்தி மாட்டக்கூடிய, வெட்டுள்ள வளையம் மற்றொன்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். முத்துவின் வளையத்தில் வெட்டு இருந்தது. அதனாலேயே அது காட்டில் பிடிபட்டது என்று முடிவுகட்ட இயலாது. பிடிபடவில்லை என்று சொல்லவும் சான்றில்லை.

மாணவர் முகம் வாடிப்போயிற்று. அபராதத்துக்கு அஞ்சி வாடிய முகமன்று அது. காட்டில் இப்பறவைகளைப் பிடிப்போர் கிளைகளில் பசை தடவியும், பழகிய கிளியைக் கட்டி வைத்து அதன் அழைப்பைக் கேட்டு வருபவற்றை வலையிட்டும் பிடிக்கின்றனர். சந்தைக்குச் சேரும் முன்பே ஏறத்தாழப் பாதி இறந்துவிடும் என்று மதிப்பிட்டிருக்கின்றனர். கானா நாட்டில் 1992க்குப் பிறகு இவ்வினத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது வரை அழிந்துபோனதாக ஆய்வாளர்கள் கண்டனர். ஆதலால் 2017 ஜனவரி முதல் காட்டுச் சாம்பற்கிளியின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. படிவத்தில் 'ரசீது இல்லை' என்று உள்ளபடியே எழுதுவோம் என்றார் அவர். எழுதினோம்.

நம் மறைக்கல்வி நூலின் 2417, 2418ஆம் எண்களில் இப்பொருள் பற்றிய போதனை உண்டு. விலங்குகளைப் பழக்கித் துணையாக்கிக்கொள்வதைத் திருச்சபை தவறென்று சொல்லவில்லை. மனிதரின் துயர்துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்களைப் பார்த்தவருக்கு இந்த இரண்டாம் கருத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பணத்தை மட்டும் வைத்து இதனைப் பேசுவது எனக்கு நிறைவு தரவில்லை. அறுபதாயிரத்தை இன்னொரு அறக்காரியத்துக்குக் கொடுத்து ஈடுகட்டிவிடலாம்; அவரும் கொடுக்கக்கூடியவரே. ஈடுகட்ட இயலாதது வேறு. நாயும் பசுவும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்ந்து மாறிய இனங்கள். சாம்பற்கிளி அப்படியன்று. பண்ணையில் பிறந்ததாயினும் அதன் பாட்டனும் பூட்டனும் நூற்றுக்கணக்கான துணைகளோடு மாலையில் மரத்தில் அடைந்தவை. அது பேசுவது நம்மை மகிழ்விக்க அன்று, கூட்டத்தோடு சேர்ந்திருக்க. கூட்டம் இல்லாத இடத்தில் நாமே அதன் கூட்டம்.

அதன் அறிவும் நாம் நினைப்பதற்கு மேலானது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் ஆய்வாளர் 1977இல் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்னும் சாம்பற்கிளி ஏறக்குறைய நூறு சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்தியது. நிறமும் வடிவமும் சொல்லியது. ஆறு வரை எண்ணியது. 2007இல் முப்பத்தொரு வயதில் அது இறந்தபோது உலக நாளிதழ்கள் இரங்கல் எழுதின. முப்பத்தொன்று அதற்கு முழு ஆயுளும் அன்று. நன்கு பேணினால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும்.

2025 ஜூன் மாதம் மகள் கல்லூரிப் படிப்புக்காகத் திருச்சிக்குச் சென்றாள். இரண்டு வாரம் கழித்து முத்து தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியது. தனிமையுற்ற சாம்பற்கிளிகள் இவ்வாறு செய்வதுண்டு. உள்ளூர்க் கால்நடை மருத்துவர், "நான் ஆடு மாடு பார்க்கிறவன், ஐயா, இதைத் தொட எனக்கே பயம்" என்று நேர்மையாகக் கைவிரித்தார். சேலத்தில் பார்த்தவர் தோலில் நோயில்லை, துணைதான் வேண்டும் என்றார். மண்டியை விட்டு அகலமுடியாத மாணவர் ஒருநாள் என்னிடம், "கரியாலூர் பக்கம் கொண்டுபோய்ப் பறக்க விட்டுவிடலாமா, ஐயா? மலையில் கிளிகள் இருக்கின்றனவே" என்று கேட்டார்.

நல்ல மனத்தில் எழுந்த கேள்விதான். ஆனால் எங்கள் மலையின் மரங்களை அப்பறவை அறியாது. வல்லூறைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று அதற்குக் கற்பித்தவர் இல்லை. கூண்டுப் பறவைகளிடம் காணப்படும் அலகு, இறகு நோய்க் கிருமி நம் பச்சைக்கிளிகளையும் தொற்றக்கூடியது. அது பிழைக்காவிட்டால் ஒரு துயரம். பிழைத்தால் மற்றொரு சிக்கல். நம் பச்சைக்கிளிகள் செல்லப் பறவைகளாக இலண்டனுக்குப் போய், கூண்டிலிருந்து தப்பி, இன்று அங்கே ஆயிரக்கணக்கில் பெருகி மரப்பொந்துகளுக்கு உள்ளூர்ப் பறவைகளோடு போட்டியிடுகின்றன. நம் நாட்டுக் குளங்களிலோ, அமெரிக்கச் செங்காது ஆமைகள். சிறிய ரூபாய்நாணயம் போல் இருக்கையில் வாங்கி, தட்டளவு வளர்ந்ததும் கொண்டுபோய் விட்டவர்கள் அனைவரும் கருணையோடுதான் விட்டிருப்பர். முத்துவுக்குக் காங்கோவும் இல்லை, கல்வராயனும் இல்லை என்று அவரிடம் சொல்வது கடினமாகவே இருந்தது.

ஏற்காட்டில் ஒருவர் அறையளவு பெரிய கூட்டில் இரண்டு சாம்பற்கிளிகளை முறைப்படி பதிவு செய்து வைத்திருக்கிறார். மூன்றாவதை ஏற்க அவருக்குச் சம்மதம். மாணவர் போய்ப் பார்த்து வந்தார். அக்கிளிகள் ஒன்றன் தலையை மற்றொன்று கோதிக்கொண்டிருந்தனவாம். கைமாற்றத்தைத் தெரிவிப்பதற்கான விவரங்களையும் நாங்கள் எழுதி முடித்துவிட்டோம். கையொப்பம் மட்டும் பாக்கி.

"கிளியைக் கொடுக்கலாம், ஐயா. அம்மாவையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். செய்து பார்த்திருக்கிறார். கைப்பேசியில் கேட்கும்போது அது கிளியின் குரலாகத்தான் இருக்கிறதாம். சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மார்பில் ஒருபுறம் மொட்டையாக, கம்பியில் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்த முத்து என்னைக் கண்டதும் தலையைச் சாய்த்து, "யாரு வந்திருக்கா? உக்காரச் சொல்லு" என்றது. உட்கார்ந்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். படிவம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.