சுவரில் நீந்தும் திமிங்கிலம்

உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்கக் கிறிஸ்தவர்கள் தீட்டிய ஓவியங்களுள் யோனாவும் அவரை விழுங்கிய பெருமீனும் பலமுறை இடம்பெறுகின்றன. எழுத்தறியாதோர் சுவரோவியத்தை வாசித்து அறியட்டும் என்ற கருத்தை, ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில், திருத்தந்தை பெரிய கிரகோரியார் மார்செய் நகர ஆயருக்கு எழுதினார். சுவரும் மறையுரை ஆற்றும் என்பது நமக்குப் பழகிய உண்மையே. நம் காலத்தில் ஆலயத்திற்கு வெளியே, நகரத் தெருக்களில், தூரிகையால் அத்தகைய உரை நிகழ்த்தியவர் அமெரிக்க ஓவியர் வைலண்ட்.

1956-இல் மிச்சிகன் மாநிலத்தில், வளைந்த பாதத்தோடு பிறந்தார். இளமையிலேயே பல அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கினார். அம்மாநிலத்தில் பெரும் ஏரிகள் உண்டு, கடல் இல்லை. 1971-இல் கலிபோர்னியாவின் லகுனா கடற்கரையில்தான் முதன்முறையாகப் பசிபிக் பெருங்கடலையும், அதில் சென்ற சாம்பல் திமிங்கிலங்களையும் கண்டார். அந்தக் காட்சியே அவரது வாழ்வின் அழைத்தலாயிற்று.

பத்தாண்டுகள் கழித்து, 1981-இல், அதே ஊரில் தம் முதல் ‘திமிங்கிலச் சுவரை’த் தீட்டினார். ஆங்கிலத்தில் அப்பெயர் எருசலேமின் அழுகைச் சுவரை நினைவூட்டும் ஒலியுடையது. நூறு சுவர்கள் தீட்டுவதென உறுதிபூண்டார். 1992-இல் லாங் பீச் நகர அரங்கின் வட்டச் சுவர் முழுவதையும் கடலாக்கினார். அதன் பரப்பு ஏறத்தாழ மூன்று ஏக்கர். நூறாவது ஓவியம் 2008-இல் பெய்ஜிங்கில் நிறைவுற்றது.

உயிரினங்களை அவற்றின் மெய்யான அளவிலேயே அவர் வரைந்தது ஏன்? படகிலிருந்து பார்ப்பவனுக்குத் திமிங்கிலத்தின் முதுகும் மூச்சுநீரும் மட்டுமே தெரியும். உடலைக் கடல் மறைத்துக்கொள்கிறது. காணாததை மனிதன் எளிதில் எண்ணெயாகவும் இறைச்சியாகவும் கணக்கிட்டுவிடுகிறான். தெருவில் நடப்பவன் அதன் முழு உருவின்முன் நிற்கும்போது, தன் சிறுமையை உணர்கிறான். அன்புக்கு முன்னோடி இந்த வியப்பே.

அறிஞரும் ஆர்வலரும் எழுப்பிய குரலால், வணிகத்திற்கான வேட்டையை நிறுத்தப் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் 1982-இல் முடிவெடுத்தது. சில நாடுகள் இணங்கவில்லை. எனினும், வைலண்ட் கண்ட சாம்பல் திமிங்கிலங்கள் பெருகின. 1994-இல் அமெரிக்கா அவற்றை அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 2019 முதல் அவை பெருமளவில் இறந்து கரையொதுங்கின. வடகடலின் பனி குன்ற, அவற்றின் உணவும் குன்றுவதாக ஆய்வாளர் கூறுகின்றனர். இங்கே ஈட்டி எறிந்தவர் எவருமில்லை. புகையாகவும் வெப்பமாகவும் நம் அன்றாட வசதிகளே அங்குச் சென்று சேர்கின்றன.

டெட்ராய்ட் நகரின் உயர்ந்த கட்டடமொன்றில் 1997-இல் அவர் தீட்டிய திமிங்கிலங்களை, பின்னர் ஒருகாலத்தில் மாபெரும் விளம்பரத் துணியொன்று மறைத்தது. இது நமக்கு ஓர் எச்சரிக்கை. வாங்கு, வாங்கு என்னும் ஆரவாரத்தின் பின்னே படைப்பு மறைந்துபோகிறது.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை மெல்ல வாசித்துப் பாருங்கள். இறைவன் வழங்கிய முதல் ஆசி மனிதனுக்குரியதன்று. நீர்வாழ் உயிர்களும் பறவைகளுமே அதைப் பெற்றன. நமக்கு முன்பே ஆசி பெற்றவை அவை. சுவரில் மட்டும் திமிங்கிலம் எஞ்சிக் கடல் வெறுமையாகுமானால், அச்சுவர் உண்மையிலேயே அழுகைச் சுவராகிவிடும். அந்த ஆசியைக் காக்கும் பொறுப்பு, பின்வந்த நம்மிடமே உள்ளது.