‘தமிழ்’ - எத்தனை எழுத்து?

சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டர் துடைப்பார்கள். சில பேர் தூங்குவார்கள். நான் ஒரு புது கம்ப்யூட்டர் மொழி செய்துகொண்டிருக்கிறேன்.

“இருக்கறதே நூத்துக்கணக்குல இருக்கு. இதுல நீங்க வேறயா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உலகத்தில் ஏற்கெனவே சாம்பார் இருக்கிறது என்பதற்காக யாராவது சாம்பார் வைக்காமல் இருக்கிறார்களா?

மொழி செய்வது என்றால் பயந்துவிடாதீர்கள். முதலில் இரண்டு முடிவு எடுக்க வேண்டும். என்னென்ன வகைச் சரக்கை உள்ளே விடுவது - முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்தா, தேதியா? இதற்கு டேட்டா டைப் என்று பெயர். மளிகைக் கடையில் அரிசிக்கு மூட்டை, எண்ணெய்க்கு டின் என்று இருக்கிற மாதிரி. அடுத்தது, எதை எப்படி எழுதச் சொல்வது, எங்கே புள்ளி, எங்கே அடைப்புக்குறி என்ற இலக்கணம். அது ஸின்டாக்ஸ்.

இரண்டுமே ஒரு மத்தியானத்தில் முடிவு பண்ணக்கூடிய விஷயங்கள்தான். சிக்கலே அதுதான். மத்தியானம் எடுத்த முடிவை மாற்றுவதற்கு ஆயுசு போதாது.

1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், புரொகிராம்களைக் கட்டி முடிக்க ‘மேக்’ என்று ஒரு குட்டிக் கருவி செய்தார். அதில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் பொத்தானைத் தட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். பதிலுக்கு எட்டு இடைவெளி விட்டால் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், வேலை நடக்காது. சில வாரங்களிலேயே இது தொல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் அதை உபயோகிக்க ஆரம்பித்திருந்தார்கள். பெரும்பாலும் சிநேகிதர்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக, இன்றைக்கும் உலகம் டேப் தட்டிக்கொண்டிருக்கிறது!

இன்னொரு கதை டோனி ஹோர் என்ற ஆங்கிலேய மேதையுடையது. 1965-ல் அல்கால்-டபிள்யூ மொழிக்கு வேலை செய்தபோது, ‘இங்கே எதுவும் இல்லை’ என்று சொல்வதற்கு ‘நல்’ என்று ஒரு சமாசாரத்தைச் சேர்த்தார். பெயரில்தான் நல், குணத்தில் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தால் ஆட்டோக்காரரிடம் எங்கே போகச் சொல்வது? அந்த மாதிரி இடத்தில் புரொகிராம் குப்புற விழும். ஏன் சேர்த்தார்? செய்வதற்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். 2009-ல் அவரே இதை ‘நூறு கோடி டாலர் தப்பு’ என்று சொன்னார்.

இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்குக் கை நடுங்குகிற இடம் ஒன்று உண்டு. எழுத்து.

‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து? ஒண்ணாங் கிளாஸ் குழந்தை 3 என்று சொல்லும். பைத்தானைக் கேளுங்கள், 5 என்கும். ஏனென்றால் யூனிகோடில் ‘மி’ என்பது ம-வும் மேல்விலங்கும். ‘ழ்’ என்பது ழ-வும் புள்ளியும். யூடிஎஃப்-8 முறையில் இந்த ஐந்து துண்டுக்கும் தலைக்கு மூன்று பைட். அதனால் ஸி மொழி கூசாமல் 15 என்று சொல்லும். 2014-ல் வந்த ஸ்விஃப்ட்தான் குழந்தை மாதிரி 3 என்கிறது.

“எத்தனையா இருந்தா என்ன சார்?” என்பீர்கள். பைத்தானிடம் முதல் இரண்டு எழுத்தைக் கேட்டால் ‘தமி’ வராது, ‘தம’தான் வரும். திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி அநாதையாக முன்னால் வந்து நிற்கும். மேல்விலங்கு இடம் மாறி ‘ழி’ முளைக்கும். என் அப்பாவின் பெயர் ‘ன்’ என்று முடியும். ஒரு அட்டையில் கடைசிப் புள்ளி பறிபோய் அச்சாகி வந்தது. கவுன்ட்டரில் கேட்டேன். “கம்ப்யூட்டர் அவ்வளவுதான் சார் எடுத்துக்குது” என்றார்கள். கம்ப்யூட்டர் தானாக எதையும் எடுத்துக்கொள்ளாது. என்றைக்கோ, எங்கேயோ, யாரோ ஒருவர் தனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருப்பார்.

சும்மா 3 என்று வைத்துவிட்டுப் போகவும் முடியாது. எல்லா எழுத்தும் ஒரே அளவு என்றால் ஆயிரமாவது எழுத்துக்கு ஒரே தாவல். அளவு மாறினால் முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். நேரமாகும்.

ஆகட்டும். என் மொழியில் ‘தமிழ்’ 3 எழுத்துதான். பைட் கணக்கு வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பெயர், தனி வாசல். செய்கிறவன் கஷ்டப்படுவது ஒரு தடவை. உபயோகிக்கிறவன் படுவது ஒவ்வொரு தடவையும். யார் பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தற்சமயம் இந்த மொழியை உபயோகிப்பது உலகத்தில் ஒரே ஆள், நான்தான். எதை மாற்றினாலும் கேட்க நாதி கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்வதற்குள் மிச்சத்தையும் முடித்தாக வேண்டும்.