பத்துமலையின் பற்கள்

கிள்ளான் ஆற்றங்கரையில் புதைபடிவம் தேடுவது வீண் வேலை என்று சொல்பவர்கள்மீது எனக்குக் குறையில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஆறு சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது. 1926 வெள்ளத்துக்குப் பிறகு அதை நேராக வெட்டி விட்டார்கள். வண்டல் அடுக்கு வெளியே தெரியும் இடம் அரிது. தெரிந்தாலும், மத்தியானத்தில் அடிக்கும் ஒரு மழைக்கே நீர் செந்நிறமாக ஏறி, காலூன்றிய திட்டை மூழ்கடித்துவிடும். ஆனால் மழையைவிடப் பெரிய தடை மண்தான். 1857-இல் அம்பாங்கில் தொடங்கிய ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்), பள்ளத்தாக்கின் பழைய சரளைப் படிவங்களைத் தோண்டி, அலசி, மேல் கீழாகக் கலைத்துப் போட்டன. எந்தத் துண்டு எந்தக் காலத்து அடுக்கில் கிடந்தது என்று தெரியாவிட்டால், கையில் கிடைத்த எலும்புக்கும் பாதி மதிப்புதான். லம்பம் தொடாத மண்ணோ வெயிலும் ஈரமும் சேர்ந்து அமிலம் ஏறிய மண். எலும்பின் சுண்ணாம்பு அதில் நிற்காது.

வெள்ளம் கரையை அரித்தால் உள்ளே இருப்பது வெளியே வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் அருண் சோனாகியா ஆதிமனித மண்டையோட்டின் பகுதியைக் கண்டெடுத்தது அப்படிப்பட்ட ஒரு கரைப் படிவத்தில்தான். ஆனால் நர்மதைக்கு நீண்ட கோடை உண்டு. நீர் இறங்கிய பின் மாதக்கணக்கில் கரையை நடந்து பார்க்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அந்த அவகாசம் கிடையாது. இங்கே ஆறு வெளிக்காட்டுவதை ஆறே அடித்துப் போய்விடுகிறது.

ஆகவே, இந்தப் பள்ளத்தாக்கில் தேட வேண்டியது இன்றைய கரையை அல்ல, பழைய நீர் மண்ணைக் கொண்டுபோய் ஒதுக்கிய குகைகளை என்பதே என் வாதம். இங்குள்ள பத்துமலையின் சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி ஆண்டு பழையது. அதன் சிறு குகைகளின் சுவரோரம் பழுப்பு நிறக் கட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: மழைநீர் இழுத்து வந்த மண்ணும் கல்லும் சொட்டிய சுண்ணாம்பில் இறுகிக் காங்கிரீட்டாகிவிட்டவை. அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடுவதால் உள்ளே இருப்பது தப்பிக்கிறது. இங்கே தொழில் தெரிந்தவர்களின் வேலை மெதுவானது. தலைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் பல்லின் எனாமல் மின்னும். சுற்றிலும் உளியால் தட்டிக் கட்டியோடு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு ஊசிமுனையால் சுரண்டுவார்கள். பெரும்பாலும் கிடைப்பது தனிப் பற்கள். எலும்பை முள்ளம்பன்றிகள் அன்றே கொறித்துவிட்டிருக்கும். பல்லின் வேரிலும் அவற்றின் வெட்டுப்பல் தடம் வரிவரியாகத் தெரியும்.

சில தனிப் பற்களை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: யாஸ்மின் இப்ராஹிம், ரோஸ் பாத்திஹா முகமது, லிம் ட்சே ட்சென் முதலானோர் 2013-இல் அறிவித்த ஒன்பது பற்கள், தீபகற்ப மலேசியாவில் ஓராங் ஊத்தான் வாழ்ந்ததற்கு முதல் புதைபடிவச் சான்று. அவை பத்துமலையிலும் பேராக்கிலுள்ள ஒரு குகையிலும் கிடைத்தவை. மரங்களிலேயே வாழும் பிராணி 60,000 ஆண்டுகளுக்கு முன் பத்துமலையில் இருந்ததென்றால், பனியுகத்தின் வறட்சியிலும் இந்த மேற்குக் கரைச் சமவெளியில் காடு நின்றிருக்க வேண்டும். இன்று அது காட்டில் வாழ்வது போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே. இதை எந்த ஆற்றங்கரையும் நமக்குச் சொல்லியிருக்காது.

புனித மலையில் உளி வைக்கலாமா என்று தயங்குவோர் உண்டு. 1892 முதல் தைப்பூசம் நடக்கும் மலை இது; அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இதே மலையில் வெடி வைத்துக் கல் உடைத்த காலமும் உண்டு. ஆய்வாளர்கள் கேட்பது கோயிலை அல்ல, கையகலக் கட்டிகளை. ஒரு குகையின் தரையைச் சமன் செய்வதற்கோ சுவரில் மின்கம்பி இழுப்பதற்கோ முன்னால் அந்தக் கட்டிகளைத் தொல்லுயிரியலாளர் ஒருவர் பார்த்துவிட வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே ஒரு நிபந்தனை சேர்க்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றும் தொலைவில் இல்லை.