குளிர்நாட்டுக் குழல்கள்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கூடம் பாடகர் குழுவுக்கு. மலாக்காவின் புக்கிட் பெருவாங் சாப்பாட்டுக் கடைகளில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நிறைந்திருக்கும் நேரம் அது. எங்கள் குழுவில் பதினொரு பேர். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஆன்ட்டி ஒருவர். அவருக்குப் பக்கத்திலேயே, தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் கைப்பேசியில் வைத்துப் பாடும் பையன்.

"கொஞ்சம் கீழ வைங்க லா மாஸ்டர். ஞாயிறு காலையில தொண்டை அவ்ளோ ஏறாது" என்றார் ஆன்ட்டி, நான் வந்த முதல் மாதம். எனக்குச் சுருக்கென்றது. அச்சிட்ட சுருதியில் கை வைக்காதே என்று சென்னையில் படித்தவன் நான்.

அங்கே எங்களுக்கு ஆர்கன் என்றால் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம்தான். ஹேண்டல் மானுவேல் வாசித்த இடம். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழுவையும் அவர் நடத்தினார், வானொலியிலும் பணியாற்றினார். ஆர்கன் மட்டும் சோறு போடும் தொழில் அல்ல. இரண்டு கை கட்டைகளில், இரண்டு கால் மிதிகளில். பல ஆலயங்களில் வாசிப்பவரின் முதுகுதான் குழுவுக்குத் தெரியும். எதிரே மாட்டிய சின்னக் கண்ணாடியில் முகங்களைப் பார்த்துக்கொண்டு, தலையசைப்பிலேயே மூச்செடுக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே வந்தபின்தான் ஒன்று உறைத்தது: ஆர்கனும் கப்பலேறி வந்ததுதான். கோலாலம்பூர் செயின்ட் மேரி பேராலயத்துக்கு வந்தது 1895இல் லண்டன் ஹென்றி வில்லிஸ் செய்தது. சிங்கப்பூர் நல்ல மேய்ப்பர் பேராலயத்தில் 1912இல் ஒலிக்கத் தொடங்கியது பெவிங்டன் நிறுவனத்துடையது. பழுதடைந்த அதைப் பிற்காலத்தில் சீர்செய்தவர் பெயர் ராபர்ட் நவரத்தினம்.

குளிர்நாட்டுக் குழல்களை வெயில் சும்மா விடாது. ஆர்கனில் இரண்டு சாதிக் குழல்கள் உண்டு. புல்லாங்குழல்போல் ஊதுவாயில் ஒலிப்பவை ஒன்று. நாதஸ்வரச் சீவாளிபோல் பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலிப்பவை மற்றொன்று. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் முதல்வகையின் சுருதி, அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். நாக்குக் குழல்கள் அவ்வளவாக அசையாது. பழைய சுருதியிலேயே நிற்கும். இரண்டையும் சேர்த்து ஊதினால் காது கூசும்.

சுருதி கூட்டுபவர் என்ன செய்வார்? ஆயிரக்கணக்கில் ஏறிப்போனவற்றை இறக்க மாட்டார். நாக்கை அழுத்தும் கம்பியைச் சின்னத் தட்டாகத் தட்டி, அசையாமல் நின்ற அந்தச் சிலவற்றைத்தான் ஊரோடு சேர்ப்பார்.

இதைப் படித்த அன்று ஆன்ட்டி நினைவுக்கு வந்தார். பதினொரு பேரில் அசையாமல் நின்றது யார் என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். ஒரு முழுச் சுரம் இறங்கியது. பையனின் 'ழ' வழக்கம்போல் 'ள'தான். ஆன்ட்டி மட்டும் பாட்டின் நடுவில் தானாகவே ஓர் இழை கீழே போய், மெட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் கூட வந்தார். அதற்கு ஆல்டோ என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது. வாசிப்பை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப சரியா இருக்கு லா மாஸ்டர்" என்றார்.