நீலக்கல் வாங்கப் போகும் சகோதரிக்கு

சனிப்பெயர்ச்சி வந்தால் எங்கள் பக்கத்தில் நீலக்கல்லைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். 2025 பங்குனியில் திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு மாறியபோதும் அப்படித்தான். சுன்னாகத்தில் நான் பணிபுரியும் மாதர் சங்கத்துக்கு ஒரே மாதத்தில் மூன்று பேர், "நீலம் போடச் சொல்லிச் சாத்திரியார் சொன்னவர்" என்று வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்ப்பவர். கணவர் 2009இல் காணாமற் போனவர். வீடு தேடி வந்த வியாபாரி பார்க்கக் கொடுத்த கல்லைக் கடதாசியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். மூன்று கரட்டாம். விலைக்கு ஈடாகத் தன் கடைசிச் சங்கிலியைக் கொடுக்க இருந்தார்.

"பிள்ளை, பாலுக்குள்ள போட்டுப் பார்த்தனான். பால் நீலமாத் தெரிஞ்சது. நல்ல கல்லுத்தானே?"

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 16 வருடமாகக் காத்திருப்பவருக்குத் தன் கையால் செய்யக்கூடிய ஏதோவொரு காரியம் தேவைப்படுகிறது. அதை அறிந்துதான் வியாபாரியும் படலையைத் திறக்கிறார்.

பால் சோதனை வீண். நீலக் கண்ணாடித் துண்டும் பாலில் நீலமாகத்தான் தெரியும். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் போதாது. நீலம், குருந்தம் என்ற கடினமான கனிய இனத்தைச் சேர்ந்தது. (ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அந்தப் பெயரே எங்கள் சொல்லிலிருந்து போனதுதான்.) தொழிற்சாலையில் உருக்கிச் செய்யும் செயற்கை நீலமும் அதே குருந்தம், அதுவும் கண்ணாடியைக் கீறும். நூறு வருடத்துக்கு மேலாக அதைச் செய்கிறார்கள். விலையோ மிகச் சொற்பம்.

நாங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. கல்லைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். கடை விளக்கின் கீழ் எல்லாக் கல்லும் அழகுதான். மைபோலக் கறுத்த நீலத்துக்கும் தண்ணீர்போல வெளிறிய நீலத்துக்கும் மதிப்புக் குறைவு. அச்சடித்த தாளில் வைத்தால் கல்லுக்குள்ளால் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா? வெட்டு சரியில்லை. அடிப்பக்கம் தொப்பைபோலப் பருத்திருந்தால், மேலே தெரியாத அந்த நிறைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். உள்ளே மெல்லிய இழைகள் இருப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. பெரிய கல், ஒரு மாசும் இல்லை, விலையும் மலிவு என்றால்தான் பயப்பட வேண்டும்.

இரத்தினபுரிப் பக்கம் கிடைக்கும் பால்நிறமான 'கெவுட' கற்களை 1970களிலிருந்து தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிச் சென்று, சூளையில் சூடாக்கி நீலமாக்கினார்கள். இன்று சந்தையில் சூடாக்கிய கற்களே அதிகம். அது மோசடியல்ல. ஆனால் அதைச் சொல்லித்தான் விற்கவேண்டும். சூடாக்காத கல்லின் விலையைக் கேட்கக்கூடாது.

கரட் என்ற சொல்லும் குழப்பும். பொன்னில் அது தரம், கல்லில் நிறை. ஒரு கரட் 0.2 கிராம். ஆக, மூன்று கரட் கல் 0.6 கிராம், அந்தச் சகோதரியின் சங்கிலி இரண்டு பவுண், 16 கிராம். கணக்கை எழுதிக் காட்டியதும் அவர் சற்றுநேரம் பேசவில்லை. வங்கியில் அடகு வைக்கும்போது கல்லின் நிறையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்குத்தான் காசு தருவார்கள். இடம்பெயர்ந்த காலமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது பொன்தான்.

வியாபாரியிடம் அவர் பற்றுச்சீட்டும் பரிசோதனைச் சான்றிதழும் கேட்டார். "நம்பிக்கை இல்லையோ அக்கா?" என்றபடி கல்லை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். புரட்டாதிச் சனிகளில் இவர் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தார். சங்கிலி மார்கழியில் மகளின் படிப்புக்காக அடகுக்குப் போனது.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை கொழும்பில் கற்களைப் பரிசோதித்துக் கொடுக்கிறது. வியாபாரியிடம் அச்சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மோதிரத்தில் பதிக்க முன்னரே கல்லை அனுப்பிவிடுங்கள். பதித்த பின் அதைத் தனியே நிறுக்க முடியாது, அடிப்பக்கத்தைச் சரியாகப் பார்ப்பதும் கடினம்.