வெட்டுமுனையைக் காட்டச் சொல்லுங்கள்

ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால், பூந்தமல்லி சாலையில் கொஞ்ச நேரத்தில் நந்தம்பாக்கம் வர்த்தக மையம் வந்துவிடும். 2001-ல் திறந்த வளாகம். எத்தனையோ கண்காட்சிகள் அங்கே நடக்கின்றன. எனக்குப் பிடித்தது மேசை நாற்காலிகளும் வீட்டு உள்ளலங்காரமும் வரும் நாட்கள்தான். இந்த முறை உள்ளே நுழைந்ததுமே வார்னிஷ் நெடி மூக்கைத் துளைத்தது.

முன்வரிசை முழுக்க மாடுலர் கிச்சன். இழுப்பறையை விரலால் தள்ளினால் போதும், சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொள்கிறது. கூட்டம் அதைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்து மகிழ்ந்தது. எனக்கோ மைக்காவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே கவலை. பார்ட்டிகிள் போர்டு என்பது மரச் செதில்களைப் பசை விட்டு அழுத்திய பலகை. விளிம்பு வழியே தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் பிடிக்காது. சிங்க் அடியில் அதை வைப்பது காசைக் கரைப்பதுதான்.

ஒரு கடைக்காரர் நான் கேட்டதும் முகம் சுளிக்காமல் பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். வெட்டுமுனையில் இடைவெளியே இல்லாமல் அடுக்குகள் தெரிந்தன. மேலே ஐ.எஸ்.ஐ. முத்திரை, பக்கத்தில் 710 என்ற எண். அது மரைன் பிளைவுட்டுக்கான தர எண். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விட்டுப்போகக் கூடாது என்பது அதற்கான சோதனை. 303 என்றிருந்தால் பொதுப் பயன்பாட்டுக்கானது. படுக்கையறை அலமாரிக்குத் தாராளமாகப் போதும்.

பின்வரிசையில், கூட்டம் குறைந்த மூலையில் நாகர்கோவில்காரர் ஒருவர் ரப்பர் மரச் சாமான்களோடு உட்கார்ந்திருந்தார். அங்கேதான் அதிக நேரம் நின்றேன். "பால் நின்ன பொறவுதான் சார் இந்த மரம் எங்க கைக்கு வரும்" என்றார். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களைத்தான் வெட்டுகிறார்கள். மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வண்டு விரும்பி ஏறும். அறுத்த கையோடு போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். அந்தப் பக்குவம் தவறாவிட்டால் உறுதியான மரம், வெளிர் நிறம், தேக்கைவிட விலையும் குறைவு.

அவருடைய முக்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஆணியே இல்லை. காலின் கழுந்து பலகையின் துளையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, நகம்கூட நுழையவில்லை. உயரமும் குறைவுதான். பாட்டிகள் உட்கார்ந்து காய் நறுக்கலாம், பிள்ளைகள் தரையில் அமர்ந்து அதன்மேல் எழுதலாம். நவீன வடிவமைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான். தரையில் உட்கார்ந்து பழகிய வீடுகளுக்கு ஏற்ற தாழ்வான இருக்கைகளை அரங்கம் முழுக்கத் தேடினேன், வேறெங்கும் கிடைக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோபாவுக்கு ஒதுக்கிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அடுத்த கண்காட்சிக்குப் போகிறவர்கள் பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கடையானாலும் முதலில் வெட்டுமுனையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.